ரேகையில் எழுதியிருக்கிறதாம்!

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் இருக்கும். தங்கச்சி ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடவே பையனும் வந்தான். எட்டாவது படிக்கிறான். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் போட்டிருக்கிறார்கள்.

"டெஸ்ட் எடுத்தாங்கண்ணா. மூவாயிரம் ரூபா. பத்து வெரலையும் மெஷின்ல வச்சி எடுத்தாங்களாம். மூளை எப்பிடி இருக்குதுன்னு ரேகைய வச்சே சொல்லிடுவாங்களாம்."

வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள், பதினெட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு நாலு கலர். மொழித்திறன் இத்தனை சதவீதம், இசைத்திறன் இத்தனை சதவீதம் என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறது. பையனுக்குக் கணக்குத் திறன் குறைவாம், உடம்பால் செய்கிற வேலைக்கான திறன் கூடுதலாம். கடைசிப் பக்கத்தில் சிபாரிசு: விளையாட்டு, கைத்தொழில்.

"ரேகையிலயே அப்பிடித்தான் இருக்குதாம். நாம என்னண்ணா பண்றது? பத்தாவது முடிஞ்சா ஐ.டி.ஐ.ல போட்டுடலாம், எதுக்குக் கடன் மேல கடன்னு அவரு சொல்றாரு."

அவர் கொத்தனார், இவள் சித்தாள். அந்த மூவாயிரம் எத்தனை சட்டி கலவை என்பது எனக்குத் தெரியும். பையன் கதவோரம் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்: "மாமா, எனக்கு முழுப் பரீட்சையில கணக்குல எழுபத்தொம்பது."

எழுபத்தொன்பது மார்க் வாங்கிய பையனுக்குக் கணக்கு வராது என்று பதினெட்டுப் பக்கத்தில் கலர் அச்சு. அதைப் பெற்ற தாயும் நம்புகிறாள். இதுதான் என்னை எழுத வைத்தது.

ஐ.டி.ஐ. படிப்பு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஃபிட்டர் வேலைக்கும் கணக்கு வேண்டும். அந்தப் பையன் எங்கே போகவேண்டும் என்பதை யார் முடிவு பண்ணுவது, எதை வைத்து முடிவு பண்ணுவது என்பதுதான் கேள்வி.

எனக்கு இந்த வாக்கியம் புதுசு இல்லை. ஆறாம் வகுப்பில் எங்களைப் பிரித்து உட்கார வைத்த வாத்தியார் ஒருத்தர் இருந்தார். காலனிப் பிள்ளைகள் எல்லாம் கடைசி பெஞ்சு. பின்னம் கூட்டத் தெரியாமல் முழித்தபோது அவர் அடிக்கவில்லை. சிரித்தார். "உங்க ஆளுங்களுக்கு இது ஏறாதுடா. ரத்தத்துலயே கெடையாது. உங்கப்பனோட சேத்துல எறங்கு, நல்லா வருவ" என்றார். அவர் கையில் மெஷினும் இல்லை, கலர் வட்டமும் இல்லை. எங்கள் தெருப் பேர் ஒன்றே போதுமாயிருந்தது. பின்னம் கூட்ட எனக்குப் பிறகு கற்றுக் கொடுத்தவர் ரைஸ்மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிய ஒரு பெரியப்பா. இரண்டு ராத்திரி ஆனது. ரத்தம் மாற்றவில்லை.

அவர் ரத்தம் என்றார், இவர்கள் ரேகை என்கிறார்கள். எங்கள் ஆயா தலையெழுத்து என்றாள். ஆயாவிடம் ஒரு நேர்மை இருந்தது. அதை அறிவியல் என்று அவள் சொல்லவில்லை.

ரேகை வியாபாரத்தின் தாத்தா

கைரேகையில் அறிவைத் தேடும் வேலைக்கு ஒரு தாத்தா உண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் (1822-1911). டார்வினுக்கு உறவுக்காரர், பரம்பரைச் சொத்துக்காரர். 1869இல் ஒரு புத்தகம் போட்டார். நீதிபதிகள், தளபதிகள், மந்திரிகள் இவர்களுடைய சொந்தபந்தங்களை எண்ணிப் பார்த்து, பெரிய மனிதர் வீட்டில்தான் பெரிய மனிதர் பிறக்கிறார், ஆகவே திறமை ரத்தத்தில் ஓடுகிறது என்றார். ஜட்ஜ் மகன் ஜட்ஜ் ஆவதற்கு வீடு, பள்ளிக்கூடம், சிபாரிசு, அப்பாவின் சிநேகிதர்கள் எல்லாம் உதவியிருக்கலாம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாய்ப் படவில்லை. நல்ல ரத்தத்தைப் பெருக்கு, கெட்ட ரத்தத்தைக் குறை என்கிற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தக் கொள்கை பின்னால் ஜெர்மனியில் எங்கே போய் முடிந்தது என்பது உலகத்துக்கே தெரியும்.

இதே கால்டன் 1892இல் கைரேகை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பல இனத்து மக்களின் ரேகைகளைச் சேர்த்தார். படித்த மாணவர், வயலில் வேலை செய்யும் கூலிக்காரர், மனவளர்ச்சி குன்றியவர் என்று வகைவகையாய் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இனத்தை, குணத்தை, அறிவைக் காட்டும் ஏதாவது அடையாளம் கிடைக்கும் என்று ஆசையோடு தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று புத்தகத்திலேயே எழுதியும் வைத்தார். கொள்கையால் நமக்கு எதிரி. ஆனால் அந்த ஒரு நேர்மைக்குக் கும்பிடு போடலாம்.

ஆக, ரேகையில் அறிவு எழுதியிருக்கிறதா என்பது நூற்றுமுப்பது வருசத்துக்கு முன்னாலேயே தேடி, இல்லை என்று மூடிய கணக்கு. தாயின் வயிற்றில் மூன்று, நான்கு, ஐந்தாம் மாதங்களில் விரல்தோலில் விழும் மடிப்பு அது. அது ஆளை அடையாளம் காட்டும். அவன் பின்னம் கூட்டுவானா என்று காட்டாது.

ஆளை அடையாளம் காட்டும் அந்த வேலையை வெள்ளைக்காரன் பழகிக்கொண்டதும் நம் தேசத்தில்தான். 1858இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஒரு காண்டிராக்டரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்ததில் தொடங்கி, 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. ரேகைகளை வகை பிரிக்கும் முறையை உருவாக்க அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்று இரண்டு பேர் உழைத்தார்கள். பேர் என்னவோ மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. இன்னொரு பக்கம், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முழுமுழுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியல் போட்ட 1871ஆம் வருசத்துச் சட்டம், 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பேரே கைரேகைச் சட்டம். ரேகை கொடுக்கமாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள்.

பிறப்பை வைத்து ஆளை முடிவு பண்ணுகிற வேலையில் ரேகைக்கு இப்படி ஒரு ரத்தக்கறை உண்டு. அதே விரலை மெஷினில் வைக்க இப்போது நாமே மூவாயிரம் கொடுக்கிறோம்.

சர் பட்டம் வாங்கிய கணக்கு

கால்டன் தேடியது ரேகையில் கிடைக்கவில்லை. அது எண்ணில் கிடைத்துவிட்டது என்று சொன்னவர் ஒருவர் வந்தார். அவர் சிரில் பர்ட் (1883-1971). அப்பா டாக்டர். கால்டன் குடும்பம் அவரிடம் வைத்தியம் பார்த்தது. சின்ன வயசிலேயே கால்டனைப் பார்த்து மயங்கியவர் பர்ட்.

1909இல் அவர் போட்ட முதல் கட்டுரையே போதும். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாற்பத்து மூன்று பேர். முப்பது பேர் சின்னக் கடைக்காரர் போன்றவர்களின் பிள்ளைகள், பதின்மூன்று பேர் பேராசிரியர் மாதிரி பெரிய இடத்துப் பிள்ளைகள். பெரிய இடத்துப் பிள்ளைகள் சோதனையில் முந்தினார்கள். ஆகவே அறிவு பரம்பரையில் வருகிறது என்றார். அப்பாக்களின் அறிவை எப்படி அளந்தார் என்று கேட்டால், அளக்கவே இல்லை. அவர்கள் பார்க்கும் வேலையை வைத்து முடிவு பண்ணிவிட்டார். பேராசிரியர் என்றால் அறிவாளி, கடைக்காரர் என்றால் அத்தனை அறிவாளி இல்லை. நம் ஊரில் இதற்குப் பேர் வர்ணம். மனு செய்ததைத்தான் அவரும் செய்தார், கூட ஒரு அட்டவணை போட்டார்.

இந்த மனிதர் 1913இலிருந்து லண்டன் மாநகரப் பள்ளிகளின் உளவியல் அலுவலர். பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர். 1946இல் 'சர்' பட்டம். உளவியல்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பதினோரு வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறிய சிறு பகுதியைக் கிராமர் பள்ளிக்கும் மிச்சப் பிள்ளைகளைத் தொழில் வாழ்க்கைக்குமாகப் பிரித்தார்களே, 1944 சட்டத்துக்குப் பின்னால் இங்கிலாந்தில், அந்த எண்ணத்துக்கு அறிவியல் முத்திரை குத்தியவர்களில் இவர் முக்கியமானவர். பதினோரு வயதில் அளந்தால் போதும், அறிவு பிறவியிலேயே வந்துவிட்டது, பின்னால் மாறாது என்பது அதன் அடிப்படை. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் பெரும்பாலோர் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அவர் காட்டிய பெரிய ஆதாரம் இரட்டைக் குழந்தைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்குப் பரம்பரைச் சரக்கு ஒன்று. பிறந்தவுடன் பிரிந்து வேறு வேறு வீட்டில் வளர்ந்தும் அவர்கள் அறிவு ஒரே மாதிரி இருந்தால், வீடு காரணமில்லை, பிறவிதான் காரணம் என்று வாதாடலாம். ஆனால் அப்படிப் பிரிந்து வளர்ந்த இரட்டையர் கிடைப்பது ரொம்ப அபூர்வம். பர்ட்டுக்கு மட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். 1955இல் 21 ஜோடி. 1958இல் 30 ஜோடிக்கு மேல். 1966இல் 53 ஜோடி. அவருக்கு முன்னால் உலகத்தில் வேறு யாரும் இத்தனை ஜோடி பார்த்ததில்லை.

இரண்டு பேர் மதிப்பெண்ணும் எவ்வளவு சேர்ந்து போகிறது என்று சொல்ல ஒட்டுறவு எண் என்று ஒன்று உண்டு. சம்பந்தமே இல்லை என்றால் 0, அச்சு அசலாய் ஒன்று என்றால் 1. பர்ட்டின் கட்டுரைகளில் பிரிந்து வளர்ந்த இரட்டையருக்கு இந்த எண்:

21 ஜோடியில் 0.771.
30 ஜோடிக்கு மேல் ஆனபோதும் 0.771.
53 ஜோடியிலும் 0.771.

சேர்ந்து வளர்ந்த இரட்டையருக்கும் இதே அதிசயம். மூன்று கட்டுரையிலும் 0.944.

கமிட்டியில் நெல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 21 மூட்டை எடை போட்டு ஒரு சராசரி எழுதுகிறான். மேலே பத்து மூட்டை வருகிறது, அதே சராசரி. இன்னும் இருபதுக்கு மேல் வருகிறது, கிராம் சுத்தமாய் அதே சராசரி. தராசுக்காரன் சட்டையைப் பிடிக்க மாட்டோமா? ஆள் கூடினால் மூன்றாம் புள்ளி கொஞ்சமாவது அசையும். அசையவில்லை என்றால், அளக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சட்டையைப் பிடிக்க உலகத்துக்கு எத்தனை வருசம் பிடித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கட்டுரைகள் நூலகங்களில் எல்லோரும் பார்க்கக் கிடந்தன. பேராசிரியர்கள் படித்தார்கள், மேற்கோள் காட்டினார்கள், பாடப் புத்தகத்தில் சேர்த்தார்கள். 1969இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன், ஏழை கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நடத்தும் ஈடுகட்டும் கல்வித் திட்டங்கள் தோற்றுவிட்டன, காரணம் பெரும்பாலும் பிறவி சார்ந்ததாயிருக்கலாம் என்று எழுதியபோது, பர்ட்டின் எண்களும் அதற்குத் தூணாய் நின்றன. லண்டனில் உட்கார்ந்து எழுதிய எண், அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்க் கறுப்புக் குழந்தையின் பள்ளிக்கூடத்துப் பணத்தில் கை வைத்தது.

1972இல் லியோன் கமின் என்ற அமெரிக்க உளவியல்காரர் பர்ட்டின் கட்டுரைகளை முதன்முதலாய் எடுத்துப் படித்தார். அவர் ஐம்பதுகளில் கம்யூனிஸ்ட் வேட்டையில் சிக்கி, கூட்டாளிகள் பேரைச் சொல்ல மறுத்ததற்காக வழக்கைச் சந்தித்தவர். மேல்சாதி அறிவுத்துறைக்குள் அவரும் கொஞ்சம் வெளியாள்தான். வெளியாள் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. எந்தச் சோதனை வைத்தீர்கள், எப்போது, எங்கே, ஆணா பெண்ணா என்று எதுவும் கட்டுரையில் சரியாக இல்லை. பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்து, பேச்சோடு பேச்சாய் அவர்கள் அறிவை மதிப்பிட்டதாகவும் எழுதியிருந்தது. பேச்சை வைத்து அறிவை அளப்பது! 'அவா' பேச்சுக்கு ஒரு மார்க், சேரிப் பேச்சுக்கு ஒரு மார்க் போடும் இன்டர்வியூ மேஜை நமக்கு நினைவுக்கு வரவில்லையா? பர்ட்டின் எண்கள் அறிவியல் கவனத்துக்கே தகுதியற்றவை என்று 1974இல் கமின் புத்தகம் போட்டார். அதே வருசம் ஜென்சனும் எண்கள் அசையாமல் நிற்பதை ஒப்புக்கொண்டு எழுத வேண்டியதாயிற்று.

1976 அக்டோபர் 24ஆம் தேதி லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் ஆலிவர் கில்லி என்ற நிருபர் வெளிப்படையாய் மோசடி என்று எழுதினார். கட்டுரைகளில் பேர் போட்ட மார்கரெட் ஹோவர்ட், கான்வே என்ற இரண்டு உதவியாளர்களைத் தேடியும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹோவர்டைப் பார்த்த ஞாபகம் உண்டு என்று பின்னால் சிலர் சொன்னார்கள். 1978இல் டார்ஃப்மன் என்பவர், அப்பா-மகன் நாற்பதாயிரம் ஜோடி என்று பர்ட் கொடுத்த இன்னொரு அட்டவணையை எடுத்து, நிஜத்தில் இத்தனை சுத்தமாய் எண் விழாது என்று காட்டினார். 1979இல் வந்தது பர்ட்டின் வாழ்க்கை வரலாறு. எழுதிய ஹெர்ன்ஷா, பர்ட்டின் நினைவுக் கூட்டத்தில் புகழ்ந்து பேசியவர். குடும்பத்தார் கொடுத்த நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, அந்த வயதான காலத்தில் பர்ட் புதிதாய் எந்த இரட்டையரையும் சோதிக்கவில்லை, எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்ற முடிவுக்கு அவரே வந்தார்.

மூலக் குறிப்புகளைப் பார்க்கலாமே என்றால், பழையதெல்லாம் யுத்தத்தில் போய்விட்டது என்றார்கள். பர்ட் இறந்ததும் வீட்டிலிருந்த காகிதப் பெட்டிகளும் எரிந்தன. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இரண்டு பேர் பர்ட்டுக்கு வக்காலத்து வாங்கிப் புத்தகம் போட்டார்கள். மோசடி இல்லை, கிழவரின் அலட்சியம் என்றார்கள். இருக்கட்டும். அலட்சியம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த எண் செல்லாத எண் என்பதை யாரும் மறுக்கவில்லை. செல்லாத எண்ணை வைத்து எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைப் பிரித்தார்கள் என்பதற்கு யார் கணக்குக் கொடுப்பது?

இரண்டு குச்சி

1996இல் நம் ஊரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிக் கலக்கினால் பெட்ரோல் வருகிறது என்றார். டில்லியின் அறிவியல் அதிகாரிகளே வாய் பிளந்தார்கள். பத்திரிகைகள் தூக்கி வைத்து ஆடின. சென்னை ஐ.ஐ.டி.யில் செய்து காட்டச் சொன்னபோது, கலக்குகிற குச்சியில்தான் சூட்சுமம் என்று தெரிந்தது. குச்சி உள்ளே குழல், அதற்குள் எரிபொருள். கைது, வழக்கு என்று இழுத்து 2016இல் மூன்றாண்டு சிறை என்று தீர்ப்பும் ஆனது. மோசடிக்குத் தண்டனை சரிதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கேளுங்கள். பள்ளிப் படிப்பைத் தாண்டாத கிராமத்து ஆள் என்பதால் அவர் குச்சியை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று சில வாரங்களிலேயே தோன்றிவிட்டது. இங்கிலாந்தின் சர் பட்டக்காரர் கையிலிருந்த குச்சியை அவர் செத்து மூன்று வருசம் ஆன பின்னால்தான் வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தர் சொன்ன பொய் அரசாங்கத்தின் எண்ணெய்க் கணக்கைக் கலைக்கும் பொய். இன்னொருவர் சொன்னது ஆளுகிறவன் காதுக்கு இனிக்கும் பொய்: நீ மேலே இருப்பது உன் திறமை, அவன் கீழே இருப்பது அவன் பிறவி. காதுக்கு இனிக்கும் பொய்யை யார் சோதிப்பார்கள்?

1990இல் மண்டல் அறிக்கையை அமல்படுத்துவதாய் அறிவித்தபோது டில்லியில் மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்தார்கள், தெருப் பெருக்கினார்கள். தகுதி, திறமை செத்துவிட்டதாம், இனி தங்களுக்கு இதுதான் கதியாம். எங்கள் அப்பன் பாட்டன் தினமும் பார்த்த வேலை அவர்களுக்கு ஒரு நாள் வேஷம். தகுதி பிறவியில் வருகிறது என்று பர்ட் எண்ணில் எழுதியதை அவர்கள் துடைப்பத்தில் எழுதினார்கள். 1994இல் அமெரிக்காவில் ஹெர்ன்ஸ்டைனும் மரேயும் எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமே போட்டு இதே பல்லவியைப் பாடினார்கள். அது அங்கே அமோகமாய் விற்றது. பர்ட் செத்தும் பல்லவி சாகவில்லை.

பல்லவி சாகாததற்கு இரண்டு பேர் கொடுத்த பதிலை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்று ரிச்சர்ட் லெவான்டின் என்ற உயிரியல்காரர் 1970இல் சொன்னது. ஒரே மூட்டை விதை. ஒரு பிடி எடுத்து நல்ல எரு போட்ட மண்ணில் விதை, இன்னொரு பிடி சத்தில்லாத மண்ணில் விதை. ஒரே வயலுக்குள் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் உயரம் வித்தியாசப்படும். அதற்கு விதை காரணம். ஆனால் இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மண்தான் காரணம். பரம்பரையே இல்லை என்று நாம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பது விதை வித்தியாசமா மண் வித்தியாசமா என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, ஜேம்ஸ் ஃபிளின் எண்பதுகளில் காட்டியது. அமெரிக்காவில் 1932க்கும் 1978க்கும் நடுவில் ஐ.க்யூ. சோதனையில் ஜனங்கள் வாங்கும் மதிப்பெண் ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்திருந்தது. வேறு பல நாடுகளிலும் அப்படியே. நாற்பது ஐம்பது வருசத்தில் ரத்தம் மாறுமா? பள்ளிக்கூடம் மாறியது, சாப்பாடு மாறியது, வாழ்க்கை மாறியது. பிறவியில் கல்லாய் நிற்கிறது என்று சொன்னது கண்ணெதிரே நகர்ந்தது.

அவன் எண்ணாலேயே அவனை

பர்ட்டுக்கு முன்னாலேயே நம்மை அளக்க வந்தவர்கள் உண்டு. 1901 சென்சசை நடத்திய ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதியின் மதிப்பு இறங்குகிறது என்று விதி எழுதினார். மதராஸ் மியூசியத்தின் தலைவர் தர்ஸ்டனும் கவைக்கோலை வைத்துக்கொண்டு நம் பாட்டன் பூட்டன்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதினார்.

பாபாசாகேப் என்ன செய்தார்? அளவுகோலைக் கண்டு பயப்படவும் இல்லை, அறிவியலே வேண்டாம் என்று ஓடவும் இல்லை. 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்த நூலில் அதே மூக்கு அளவுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொரு மாகாணத்திலும் பார்ப்பனர் அளவையும் தீண்டப்படாதவர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே இனம் என்றல்லவா உங்கள் எண்ணே சொல்கிறது என்றார். பார்ப்பனர் ஆரியர் என்றால் இவர்களும் ஆரியர், அவர் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே வழி, மதராஸ் பார்ப்பனரும் மதராஸ் பறையரும் ஒரே வழி என்று 1936லேயே அவர் எழுதியிருந்தார். தீண்டாமைக்குக் காரணம் மூக்கில் இல்லை என்று ஆனபின், அதைச் சமூகத்தில் போய்த் தேடினார். நமக்கு அவர் விட்டுப்போன பழக்கம் இதுதான்: குச்சியை வாங்கு, உள்ளே பார், பிறகு பேசு.

இந்தப் பழக்கம் நம் பகுத்தறிவுக் கூட்டங்களில் பாதிதான் இருக்கிறது என்பது என் வருத்தம். கையில் விபூதி வரவழைப்பதை, தீ மிதிப்பதை, நாக்கில் கற்பூரம் ஏற்றுவதை மேடையில் செய்து காட்டுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் சாமியார் ஏமாற்றுவது உண்டியல் காசை. "உனக்கு ஏறாது" என்பவன் ஏமாற்றுவது ஒரு பிள்ளையின் முழு ஆயுசை. இந்த வித்தையை மேடையில் உடைத்துக் காட்டிய கூட்டத்தை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. தோழர்கள் யோசிக்க வேண்டும்.

நாமும் யோசிக்க வேண்டும். கலர் தாள், கம்ப்யூட்டர், இங்கிலீஷ், டை கட்டிய ஆள் என்றால் நாம் எழுந்து நிற்கிறோம். படிப்பு நமக்கு மறுக்கப்பட்டது என்பதால் படிப்பின் வேஷம் போட்டு வரும் எதையும் கும்பிடுகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் படிக்கும், நடுமூளையைத் தட்டி எழுப்புகிறோம் என்று சில வருசத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் கிளம்பியது. மூக்கோரத்துச் சந்து வழியே குழந்தை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதற்கும் ஆயிரக்கணக்கில் கட்டினவர்கள் நம் தெருவிலும் உண்டு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தங்கச்சியோடு போனேன். ரேகை எடுத்த ஆளை வரவழைத்தார்கள். ஒன்றுதான் கேட்டேன். "சார், இருபது பிள்ளைங்க ரேகைய எடுங்க. ரிப்போர்ட்ல பேர் போடாதீங்க. எது தன் பிள்ளையோடதுன்னு அம்மாங்க கண்டுபிடிக்கட்டும். இல்லன்னா, இதே பையன் ரேகைய வேற பேர்ல குடுக்கறோம், என்ன வருதுன்னு பாக்கலாம். செலவு நாங்க போட்டுக்கறோம்." அவர் சிரித்தார். அதெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர், வெளியே சொல்ல முடியாது என்றார். சரி, எதை வைத்துச் சதவீதம் போடுகிறீர்கள் என்றேன். அதுவும் ரகசியம். பர்ட்டின் பெட்டிகள் எரிந்தன, இவர்கள் பெட்டிக்குப் பூட்டு. பணம் திரும்ப வரவில்லை.

வெளியே வந்ததும் தங்கச்சி கேட்டாள்: "அப்ப அந்த ஆளுக்கே தெரியாதாண்ணா?"

"தெரிஞ்சா காட்டியிருப்பான்ல" என்றேன்.

இதை எந்தச் சேரியிலும் எந்த அம்மாவும் கேட்கலாம். எப்படி அளந்தாய்? யாரை அளந்தாய்? இன்னொருவர் அளந்தால் இதே வருமா? நாங்கள் பார்க்கலாமா? இந்த நாலு கேள்விக்கு இங்கிலீஷ் வேண்டாம். பதில் வராவிட்டால் விரலைக் கொடுக்காதீர்கள்.

பையன் ஒன்பதாவதுக்குப் போகப்போகிறான். என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஐ.டி.ஐ.க்கே போகலாம், போகட்டும், அவன் விருப்பப்பட்டுப் போகட்டும். அந்தப் பதினெட்டுப் பக்கமும் ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை. நல்ல தாள். அதில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.